கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதல், அரிப்பு, நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாசமாக இருக்கும் எல்லாருக்கும் வருகிற சாதாரணக் கசிவுக்கும் அதே பெயர், ராத்திரி தூங்கவிடாத பூஞ்சை அரிப்புக்கும் அதே பெயர், மீன் நாற்றம் அடிக்கிற பாக்டீரியா கோளாறுக்கும் அதே பெயர். டாக்டரிடம் போய் "வெள்ளை படுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவருக்கும் ஒன்றும் புரியாது, நமக்கும் சரியாகாது. நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டாவது முறை ஆறாம் மாதத்தில், அதுவும் கத்திரி வெயிலில், இதில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் வாயே திறக்காமல் அவதிப்பட்டவள். அப்புறம் தேடிப் படித்ததையும் டாக்டரம்மாவிடம் கேட்டதையும் வைத்து, தோழிகள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு மட்டும்தான் இப்படி வருகிறதா?

இல்லவே இல்லை. கர்ப்பிணிகளில் 100க்கு 30 பேர் அளவுக்கு பிறப்புறுப்பில் கேண்டிடா என்கிற பூஞ்சை இருக்கும், அதில் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் சும்மா இருக்கும், சிலருக்குத்தான் அரிப்பாக வெளியே தெரியும். பாக்டீரியா கோளாறை எடுத்துக்கொண்டால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும், பொதுவாக 100க்கு 10 முதல் 30 பேர் வரை என்று சொல்லலாம், அதிலும் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. ட்ரைக்கோமோனாஸ் என்று ஒரு ஒட்டுண்ணி உண்டு, அது இவற்றைவிடக் குறைவு, உலக அளவில் பெண்களில் 100க்கு 5 பேர் போல. அரசு ஆஸ்பத்திரியில் செக்கப்புக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்காவது இதில் ஏதோ ஒன்று இருக்கும். யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லப் போவதில்லை, அவ்வளவுதான்.

எது சாதாரணம், எது நோய்?

மாசமானால் கசிவு கூடும். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறுகிறது, அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, அதனால் வருகிற கசிவு. நிறமில்லாமலோ பால் போலவோ இருக்கும், பெரிதாக நாற்றம் இருக்காது, அரிக்காது, எரியாது. மாதம் ஏற ஏற இன்னும் கூடும். உள்ளாடை ஈரமாவது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு மருந்து தேவையில்லை.

நிறம் மஞ்சளாக, பச்சையாக, சாம்பலாக மாறினாலோ, அரிப்பு எரிச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, தயிர்த் திரி போலக் கட்டிகட்டியாக வந்தாலோ, அது வேறு. ஆனால் ஒன்று, நிறத்தை மட்டும் பார்த்து இன்ன நோய் என்று முடிவு செய்துவிட முடியாது. இரண்டு தொற்று சேர்ந்தே வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படிக் கூடுகிறது?

நம் பிறப்புறுப்பில் லாக்டோபேசிலஸ் என்கிற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கிற வகையறாதான். அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைக் கொஞ்சம் புளிப்பாகவே வைத்திருக்கும், பிஎச் கணக்கில் சுமார் 3.8 முதல் 4.5 (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்). இந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருகாது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அங்குள்ள செல்களில் கிளைகோஜன், அதாவது ஒருவகைச் சர்க்கரைச் சத்து, நிறையச் சேர்கிறது. நல்ல பாக்டீரியாவுக்கு அது தீனி, கூடவே பூஞ்சைக்கும் விருந்து. பூஞ்சை இந்தப் புளிப்பைக் கண்டு பயப்படாது, அதுதான் சிக்கல். இதோடு குழந்தை வயிற்றில் தங்குவதற்காக நம் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் மாறிக்கொள்கிறது. நீங்கள் சுத்தமாக இல்லை என்பதால் வருவதில்லை இது, அதை முதலில் மனதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அரிப்பு தாங்கவில்லை, தயிர் மாதிரி வருகிறது. என்ன இது?

பெரும்பாலும் பூஞ்சை. நாற்றம் இருக்காது அல்லது லேசாக இருக்கும், ஆனால் அரிப்பு இருக்கிறதே, அது ராத்திரியில்தான் உச்சத்துக்குப் போகும். ஒன்றுக்குப் போனால் சிறுநீர் பட்ட இடமெல்லாம் எரியும், சொறிந்து சொறிந்து வெளிப்பக்கம் சிவந்து வீங்கி லேசாக வெடித்துக்கூடப் போகும். நான் ராத்திரி ஒரு மணிக்குக் குளியலறையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்பேன், வெளியே வந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பித்துவிடும். மாமியார் கதவைத் தட்டி "என்னம்மா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

கர்ப்பத்தில் இதற்குக் கொடுப்பது க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் கொல்லி, பிறப்புறுப்புக்குள் வைக்கிற மாத்திரையாகவோ களிம்பாகவோ. மற்றவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று முடித்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு வாரம் வரை போகும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது.

உள்ளே மாத்திரை வைத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடாதா?

எல்லாருக்கும் வருகிற பயம் இது. கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கும், அதற்குள் சளி போல ஒரு அடைப்பும் இருக்கும், மாத்திரை குழந்தையைப் போய்த் தொடாது. க்ளோட்ரிமசோல் ரத்தத்திலும் மிகக் குறைவாகத்தான் கலக்கும். பல வருஷமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிற மருந்து.

மாத்திரையோடு ஒரு பிளாஸ்டிக் குழலும் வரும். கர்ப்பத்தில் அதை வைத்து அழுத்தித் தள்ள வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விரலால் வைத்தாலே போதும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்போது வையுங்கள், வைத்துவிட்டு எழுந்து நடமாடினால் கரைந்து வெளியே வந்துவிடும். காலையில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக வரும், "ஐயோ, கூடிவிட்டதே" என்று பதறாதீர்கள், மாத்திரைதான் கரைந்து வருகிறது. ஒரு பேட் வைத்துக்கொண்டு படுத்தால் புடவை, நைட்டி பாழாகாது.

மருந்துக்கடையில் "ஒரே ஒரு மாத்திரை முழுங்கினால் போதும்" என்கிறார்களே?

அது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். மாசமாக இல்லாதவர்களுக்கு நல்ல மருந்துதான், ஒரு மாத்திரையில் வேலை முடியும். கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதிக அளவில், 400 முதல் 800 மில்லிகிராம் வரை, முதல் மூன்று மாதத்தில் தொடர்ந்து எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்தது. டென்மார்க்கில் 1997 முதல் 2013 வரை சுமார் 14 லட்சம் கர்ப்பங்களின் பதிவுகளைப் பார்த்து 2016-ல் ஒரு ஆய்வு வந்தது, வாய்வழி ஃப்ளூகோனசோல் எடுத்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உள்ளே வைக்கும் மருந்து இருக்கும்போது எதற்கு அந்த வம்பு?

மாசம் என்று தெரியாமல் ஒரு மாத்திரை போட்டுவிட்டேன் என்று அழுதுகொண்டே ஒரு தோழி போன் செய்தாள். அழவெல்லாம் வேண்டாம், 150 மில்லிகிராம் ஒரு மாத்திரைக்கு அந்தப் பிறவிக் குறை எச்சரிக்கை பொருந்தாது. அடுத்த செக்கப்பில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரிகளில் வெள்ளைப்படுதலுக்கென்று பச்சை நிற மருந்துப் பொட்டலம் கொடுப்பார்கள், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த பால்வினைத் தொற்றுச் சிகிச்சை முறையில் அதற்கு 2-ம் எண். அதில் செக்னிடசோலும் இதே ஃப்ளூகோனசோலும் இருக்கும். அக்காவுக்குக் கொடுத்தது, பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று அதை வாங்கி நீங்கள் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வைத்தியம் வேறு. வயிறு இன்னும் தெரியாத மாதம் என்றால், சீட்டு எழுதுகிறவரிடம் நீங்களே முந்திக்கொண்டு "மாசமா இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை. டாக்டர் வி. சேஷய்யாவும் குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. செக்கப்பில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்களே, 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று, அது இதற்குத்தான். முதல் செக்கப்பில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. குமட்டுகிறது என்று பாதியில் ஓடிவந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடாதீர்கள்.

சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகும் பூஞ்சை வரும், நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப்போவதால். அப்புறம் ஈரம். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உள்ளாடையைத் துவைத்து, யார் கண்ணிலும் படக்கூடாதென்று உள்பாவாடைக்கு அடியிலோ துண்டுக்கு அடியிலோ மறைத்துக் காயப்போடுவது. மேலே இருக்கிற துணி காய்ந்துவிடும், அடியில் இருப்பது லேசாக நமத்துக்கொண்டே இருக்கும், மறுநாள் காலையில் அதையே எடுத்து மாட்டிக்கொள்வோம். வெயிலில் தனியாகப் போடுங்கள், யார் பார்த்தால் என்ன? பருத்தித் துணி, தளர்வாக. வீட்டில் நைட்டி மட்டும் போதும் என்றால் இன்னும் நல்லது.

மீன் நாற்றம் அடிக்கிறது, அரிப்பு இல்லை. இது என்ன?

இது பாக்டீரியா வேஜினோசிஸ். புதிதாக ஒரு கிருமி வெளியில் இருந்து வந்து தாக்கியது என்பதைவிட, உள்ளே இருந்த சமநிலை குலைந்துவிட்டது என்பதுதான் சரி. நல்ல பாக்டீரியா குறைந்து, கார்ட்னெரெல்லா மாதிரியானவை பெருகிவிடும், புளிப்பு போய்விடும், பிஎச் 4.5-ஐத் தாண்டும். சாம்பல் கலந்த வெள்ளையாக, நீர்க்க வரும். உறவுக்குப் பிறகு நாற்றம் தூக்கலாகத் தெரியும். இந்த நாற்றத்துக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாற்றத்தைவிட முக்கியமான விஷயம், இது இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் கொஞ்சம் அதிகம். பூஞ்சையைப் போல இதைத் தொல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வைத்தியம் மெட்ரோனிடசோல் அல்லது கிளிண்டாமைசின், வழக்கமாக ஒரு வாரம். மெட்ரோனிடசோல் கர்ப்பத்தில் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இவ்வளவு வருஷ அனுபவத்தில் பிறவிக் குறைக்கும் அதற்கும் தொடர்பு காணவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தால் தைரியமாக எடுங்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் வாந்தி வரும். வாயில் இரும்பை நக்கினது போல ஒரு சுவை ஒட்டிக்கொண்டே இருக்கும், அது மருந்தின் குணம்.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளும் இதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டாமா?

எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. பிரான்சில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆரம்ப மாதங்களிலேயே பரிசோதித்து, பாக்டீரியா கோளாறு இருந்தும் வேறு ஆபத்து இல்லாதவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கிளிண்டாமைசினும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2018-ல் வந்தது. ரொம்ப முன்கூட்டிய பிரசவம் குறையவில்லை. அதனால் தொல்லை எதுவும் இல்லாத, முன்பு குறைமாதத்தில் பிரசவமாகாத பெண்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய கருத்து. தொல்லை இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் பிள்ளை குறைமாதம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் முடிவு செய்வார்.

மஞ்சள் பச்சையாக, நுரையோடு வருகிறது. கணவருக்கும் மருந்து என்கிறார்கள், ஏன்?

ட்ரைக்கோமோனாஸாக இருக்கலாம். உடலுறவில் பரவுவது. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, அதனால்தான் "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையைத் தொடமாட்டார்கள். உங்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அவரிடம் இருந்து மறுபடி உங்களுக்கே வரும். இரண்டு பேரும் மருந்து முடிக்கும்வரை உறவு வேண்டாம். வீட்டில் இதை வைத்து யார் யாரைச் சந்தேகப்படுவது என்று சண்டை வேண்டாம், அறிகுறி இல்லாமல் மாதக்கணக்கில், ஏன் அதற்கு மேலும் இருக்கக்கூடியது, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

பூஞ்சைக்குக் கணவருக்கு மருந்து தேவையில்லை, அவருக்கும் அரிப்பு இருந்தால் தவிர. பாக்டீரியா கோளாறுக்கு நேற்றுவரை தேவையில்லை என்றுதான் சொன்னார்கள். 2025-ல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் ஆணுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது திரும்ப வருவது நன்றாகக் குறைந்தது, அதனால் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் இதையும் கேளுங்கள்.

எல்லாம் உடம்புச் சூடு என்கிறார் அம்மா. உண்மையா?

அம்மாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். வெந்தயம், இளநீர், பார்லிக் கஞ்சி, மோர் எல்லாம் அளவாகக் குடிக்கலாம் (சர்க்கரை இருந்தால் இளநீரை மட்டும் கேட்டுக்கொண்டு). வெயிலுக்கு நல்லதுதான், தொற்றை அது கொல்லாது. கவலை எதற்கென்றால், "சூடு, தானாகப் போய்விடும்" என்று ஒரு மாதம் ஓடிவிடும். குடிப்பதில் தப்பில்லை, உள்ளே வைப்பதில்தான் தப்பு. தயிர், பூண்டு, கற்றாழை, தேங்காயெண்ணெய், எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

வேப்பிலைத் தண்ணீர், டெட்டால், கடையில் விற்கிற வாஷ் வைத்துக் கழுவலாமா?

வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும். உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவக் கூடாது, அந்த நல்ல பாக்டீரியாவை நாமே துடைத்து அனுப்புவதுதான் அது. டெட்டால் கூடவே கூடாது, புண்ணாகிவிடும். வாஷ் வாங்கியே தீருவேன் என்றால் வெளியே மட்டும், வாசனை இல்லாததாக. கழிப்பறையில் முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள், வயிறு பெரிதான பிறகு கை எட்டாமல் பின்னாலிருந்து முன்னால் இழுத்துக் கழுவுகிற பழக்கம் தானாக வந்துவிடும், கவனியுங்கள்.

ஒன்றுக்குப் போனால் எரிகிறது. இதுவும் அதுதானா?

இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். வெளித்தோலில் பட்டு எரிந்தால் பூஞ்சை, உள்ளுக்குள் எரிந்து அடிக்கடி சொட்டுச்சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்று என்று ஒரு தோராயக் கணக்கு, நம்பிவிட முடியாது. சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு, கொடுங்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்றை விட்டால் சிறுநீரகம் வரை ஏறும். குளிர் காய்ச்சல், விலாப்பக்கம் வலி வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

தண்ணீர் போலக் குபுக்கென்று வந்தாலோ, நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தாலோ. பனிக்குடமா, கசிவா, சிறுநீரா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம். சுத்தமான ஒரு பேட் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், அந்தப் பேடைப் பார்த்தே அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். ரத்தம், காய்ச்சலோடு நாற்றம், 37 வாரத்துக்கு முன் அடிவயிறு விட்டு விட்டு இறுகுவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றுக்கும் அப்படித்தான். வண்டி இல்லையென்றால் 108.

இதெல்லாம் இருந்தால் சிசேரியன்தானா?

இல்லை. பூஞ்சை, பாக்டீரியா, ட்ரைக்கோமோனாஸ் எதுவும் சிசேரியனுக்குக் காரணமில்லை. பிரசவ நேரத்தில் பூஞ்சை இருந்தால் குழந்தையின் நாக்கில் வெள்ளை படியலாம், சொட்டு மருந்தில் சரியாகும். ஆனால் பிரசவ வலி வரும்போது பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் என்கிற வைரஸ் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

குரூப் பி ஸ்ட்ரெப் என்கிற ஒரு பாக்டீரியாவைப் பற்றி வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் 36, 37-வது வாரத்தில் எல்லாருக்கும் பஞ்சுக் குச்சி வைத்துப் பார்ப்பார்கள், இருந்தால் பிரசவ வலியின்போது ஊசி வழியாகப் பென்சிலின். அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பிறந்த குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். இந்தியாவில் எல்லா இடத்திலும் இதைப் பார்ப்பதில்லை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

"வெள்ளை படுது" என்று நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாக, என்ன நிறம், திரி போலவா தண்ணீர் போலவா, நாற்றம் உண்டா, அரிப்பா எரிச்சலா, இதற்கு முன் ஏதாவது மருந்து வைத்தீர்களா. வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், கணவர் பக்கத்தில் நின்றதால் செக்கப் அட்டைக்குள் மடித்து வைத்து நீட்டினேன். டாக்டரம்மா படித்துவிட்டு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். கிராமப் பக்கம் என்றால் வீட்டுக்கு வருகிற நர்ஸம்மாவிடமே சொல்லலாம், ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கும், அன்றைக்கும் போகலாம். போவதற்கு முன் உள்ளே மருந்து எதுவும் வைக்காமல், கழுவித் தேய்க்காமல் போங்கள், இல்லாவிட்டால் பஞ்சில் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஏற்கனவே போட்ட மாத்திரையின் காலி அட்டை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.